கையில் குடியேறியவர்கள்

அந்த வருஷம் வெயில் பங்குனியிலேயே வந்து குந்திவிட்டது. தாழையளத்தில் வெயிலைத் திட்டுகிறவர்களும் கிடையாது, வாழ்த்துகிறவர்களும் கிடையாது. வெயில் ஏறினால் உப்பு சீக்கிரம் விளையும், உப்பு சீக்கிரம் விளைந்தால் அதை வாருகிறவர்களின் கால் சீக்கிரம் வெடிக்கும், இரண்டும் ஒரே வீட்டில்தான் நடக்கும் என்பதால் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள். கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரே ஒரு கடைத்தெருவை வைத்துக்கொண்டு பிழைத்துவந்த அந்த ஊருக்குத்தான், பாளையங்கோட்டையில் எம்பிஏ முதல் வருஷம் முடித்திருந்த இசக்கிப்ரியா, கோடை இன்டர்ன்ஷிப்புக்கு என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்கள் கிடைத்திருந்தன. இவளுக்குக் கிடைத்தது தாழையளம் வங்கிக் கிளை. அதுவும், அந்த வங்கிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த அவளுடைய அத்தை சண்முகக்கனி, அளவெடுக்கப் போன இடத்தில் மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டதால் கிடைத்தது. மேனேஜர் எட்வின் ஞானதுரை பயந்த சுபாவக்காரர். மேலதிகாரியின் போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். முதல் நாள் அவளைப் பார்த்து, "இங்க கத்துக்கிட பெருசா ஒண்ணும் இல்லம்மா. ஏசி ஓடும். அதுக்காவது வந்துட்டுப் போங்க" என்றார்.

கொஞ்ச நாள் அவள் சலான் எழுதிக் கொடுத்தாள், ஜெராக்ஸ் எடுத்தாள், வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டாள், மத்தியானம் அத்தை கட்டிக்கொடுத்த சோற்றை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகத் தின்றாள், தோழிகள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துப் பதில் போடாமல் போனை மூடினாள். பிறகு மேனேஜர் அவளைக் கைரேகை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்.

அந்த மெஷின் முன்னால் உட்காரத்தான் ஊழியர்கள் யாருக்கும் மனசு வரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் விரலை வைத்தால், ஆள் யார் என்று கண்டுபிடித்துப் பச்சை விளக்கு எரியும், பணம் எடுக்கலாம். ஆனால் தாழையளத்தில் பாதிப் பேருக்கு விரலில் ரேகை கிடையாது. காலமெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பை இழுத்து இழுத்து, நுனி விரல் வழவழவென்று சோழி மாதிரி ஆகியிருந்தது. தேங்காயெண்ணெய் தேய்த்து வருவார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்து வருவார்கள், ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகாமல் கையை ஓய வைத்துவிட்டு வருவார்கள். சிவப்பு விளக்குத்தான் எரியும். "இன்னைக்கும் என்னையத் தெரியலங்குது" என்று சொல்லிவிட்டு, மழை வராத வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் போலத் திரும்பிப் போவார்கள். போகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதுதான் இசக்கிப்ரியாவின் வேலை.

பேச்சித்தாய் அப்படி நாளைக்கு நாளைக்கு என்று நடந்தவள். புருஷனைப் பறிகொடுத்தவள், ஒற்றை மகன் பலவேசம் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இவள் இங்கே அளத்தில். நெடுநெடுவென்று உயரம். வரிசையில் அவள் நின்றால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு ஏசிக் காற்று வராது என்று எல்லோரும் கேலி பண்ணுவார்கள். மெஷினிடம் அவள் மரியாதையாகத்தான் பேசுவாள். "எய்யா, நல்லாப் பாரும். நாந்தான், பேச்சித்தாயி. போன வாரமும் வந்தேன்லா?"

அன்றைக்கும் சிவப்புத்தான் எரிந்தது. அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அளத்திலிருந்து நேராக நடந்து வந்திருந்தாள். இசக்கிப்ரியா ஓடிவந்து தாங்கிப் பிடித்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்தாள். "நாளைக்கு வாங்க" என்று சொல்ல வாய் வராமல், அந்த வெடித்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அழுதாள். பேச்சித்தாய்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. "ஏட்டி, நீ எதுக்கு அழுத? இன்னொரு வாட்டி வச்சுப் பாப்போம், வா." இருவரின் கைகளும் பின்னியபடியே மெஷினில் விழுந்தன. பச்சை எரிந்தது. பேச்சித்தாய் என்று பேரும் வந்தது. ஆனால் கண்ணாடியின் மேல் இருந்தது இசக்கிப்ரியாவின் மோதிர விரல்.

அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். அவளுடைய ரேகை அங்கே இல்லை. அதன் இடத்தில் வேறொரு ரேகை, காற்று வரைந்த மணல் மாதிரி, ஆழமாக, புத்தம் புதிதாக இருந்தது. பேச்சித்தாய் அதை உற்றுப் பார்த்தாள். "இது எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி இருந்தது" என்றாள். பிறகு பணத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, எதிர்க்கடையில் இட்லி சாப்பிடப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவர், இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, கையை நீட்டினார்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்த் தண்ணீர் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் போலத்தான் வந்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிற்பார்கள், அவள் தோலில் அவர்களுடைய ரேகை மெல்ல எழும்பி வரும், வந்ததும் பேர் சொல்லிப் பச்சை எரியும். விரல்கள் நிறைந்தபின் உள்ளங்கை நிறைந்தது, உள்ளங்கை நிறைந்தபின் மணிக்கட்டு, மணிக்கட்டுக்கு மேல் முழங்கைவரைக்கும் பாத்தி பாத்தியாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தங்கள் இடம் மனப்பாடம். "நான் சுண்டுவிரலுக்குக் கீழ." "எங்க வீட்டு மனுசரு நரம்பு ஓடுத எடத்துல இருக்காவ." வரப்புத் தகராறில் பேசாமல் போன அண்ணன் தம்பி இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுந்துவிட, அவர்களின் பெண்டாட்டிமார் வங்கி வாசலிலேயே சண்டை போட்டார்கள். மாமியார் தன் ரேகைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக ஒரு மருமகள் வந்து முறையிட்டாள். லூர்தம்மாள் என்ற உப்பு மூட்டை தைக்கிற அம்மாள் மட்டும், பிந்தி வந்தும், யார் கண்ணிலும் படாமல் காலியாகக் கிடந்த இசக்கிப்ரியாவின் வலது கட்டை விரலைச் சௌகரியமாகப் பிடித்துவிட்டாள். ஊரே அவளைப் பொறாமையோடு பார்த்தது.

அந்தக் கைகளுக்கு மரியாதை கூடியது. அத்தை வீட்டில் அவளைப் பாத்திரம் துலக்க விடவில்லை; பக்கத்து வீட்டுக்காரி வந்து, "சபீனா போட்டுத் தேச்சா எங்க அய்யா அழிஞ்சு போயிருவாரு" என்று தேய்க்கிற நாரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஆற்றிக் கொடுத்தார். மினி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க விடாமல் எழுந்து இடம் கொடுத்தார்கள். சண்முகக்கனி, வெயில் படாமல் இருக்க, மெல்லிய வாயல் துணியில் முழுக்கைச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். தைத்துக் கொடுத்தாளே தவிர, இரவில் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உன் அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்வின் ஞானதுரை முதல் வாரம் முழுக்க யாராவது வந்து தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து சரியாகச் சாப்பிடவில்லை. விதிமுறைகளை எடுத்துப் படித்தார். வாடிக்கையாளரின் ரேகை வேண்டும் என்று இருந்தது. அந்த ரேகை யார் கையில் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கிளையில் யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை என்று அறிந்த மண்டல அலுவலகம் பாராட்டி ஒரு கேடயம் அனுப்பியது. எப்படி என்று அவர்களும் கேட்கவில்லை. மேனேஜர் கேடயத்தைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, இசக்கிப்ரியாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க நல்லா இருக்கீங்கள்ளம்மா?" என்று கேட்டார்.

அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அவளாக இருந்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரத்தில், தன் ஆதார் எண்ணை அடித்துத் தன் கட்டை விரலை மெஷினில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்தாள். சிவப்பு, சிவப்பு. இருக்கிற விரல்களில் ஒன்றுகூட அவளைத் தெரியும் என்று சொல்லவில்லை. அவள் பயந்துபோய் எழுந்து முகம் கழுவப் போனாள். கண்ணாடியில் முகம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது, யாரோ ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தன் கன்னத்தைத் தொடுவது மாதிரி இருந்தது.

பேச்சித்தாய் ஒருத்திதான் பணத்துக்கு இல்லாமல் சும்மாவும் வருவாள். அளத்திலிருந்து வரும் வழியில் நுங்கு வாங்கி, பனையோலையில் பொதிந்து கொண்டுவருவாள். மோதிர விரலைப் பிடித்துப் பார்த்து, "என்னையப் பத்திரமா வச்சிருக்கியா?" என்பாள். தன் சின்ன வயசைப் பற்றிப் பேசுவாள். இந்த ரேகை இருந்த காலத்தில் தனக்குக் கோலம் போட எவ்வளவு பிடிக்கும், மாவு விரலிடுக்கில் எப்படி நூல் மாதிரி இறங்கும், இப்போது விரலுக்கு மாவு இருப்பதே தெரிவதில்லை என்று சொல்வாள். ஜெனரேட்டர் அறைப் பக்கம் இசக்கிப்ரியா தனியாகச் சாப்பிடுவது அத்தோடு நின்றது.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு முற்பகல், பேச்சித்தாய் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் பலகையை ஊன்றி நின்றாள். நிற்கிறாளே என்று பார்த்தார்கள். நின்றவள் பாத்திக்குள்ளேயே விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே வங்கியில், சலான் எழுதிக்கொண்டிருந்த இசக்கிப்ரியாவின் மோதிர விரல் மட்டும் சட்டென்று குளிர்ந்தது. வெயிலில் கொண்டுபோய் நீட்டினாள். குளிர் போகவில்லை. சேதி சொல்ல ஆள் வரும்முன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பலவேசம் வந்தான். வீட்டுக்குப் போனான், தாயின் முகத்தைப் பார்த்தான், வெளியே வந்தான்; பந்தல்காரனும் மேளக்காரனும் முன்பணம் கேட்டு நின்றார்கள். அவன் நேராக வங்கிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது, சட்டை இரண்டு நாள் சட்டை.

"அம்மா கணக்குல கொஞ்சம் கெடக்கு. முறைப்படி எடுக்கணும்னா சர்டிபிகேட்டு, வாரிசுன்னு மாசக்கணக்குல ஆவும்னு சொல்லுதாங்க. அம்மாவ நாங்க இன்னைக்கு எடுக்கணும்." நிமிர்ந்து பார்த்தான். "அம்மா விரலு ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாவ."

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எட்வின் ஞானதுரை கண்ணாடி அறைக்குள் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து, எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவங்க உயிரோட இருக்காங்கன்னு நான் சொல்ற மாதிரி ஆயிரும்ணே" என்றாள் இசக்கிப்ரியா.

"ஒரு நிமிசம் அப்படி இருந்துட்டுப் போவட்டுமே. உசிரோட இருக்கும்போது எத்தனையோ வாட்டி இந்த மெஷினு அவள இல்லன்னு சொல்லிச்சுல்லா?"

இசக்கிப்ரியா மெஷினைத் தன் பக்கம் இழுத்தாள். மோதிர விரலை வைத்தாள். பச்சை எரிந்தது. பேச்சித்தாய் என்று பேர் வந்தது. ஓர் உண்மையைக்கூட அந்த மெஷின் இவ்வளவு சந்தோஷமாக இதற்குமுன் சொன்னதில்லை. பலவேசம் பணத்தை வாங்கவில்லை. கவுண்டரில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்தப் பேர் திரையிலிருந்து மறைகிறவரைக்கும் அழுதான். பிறகு வாங்கிக்கொண்டு போனான்.

இசக்கிப்ரியாவுக்கு விரல் வலித்தது. குளிர் உள்ளங்கைக்கு இறங்கியது. அவள் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், இழவு வீட்டுக்கு நடந்தாள். கொல்லையில் மறைப்புக் கட்டிப் பெண்கள் பேச்சித்தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்; சண்முகக்கனியும் அங்கே இருந்தாள். இவளைக் கண்டதும் அவர்கள் விலகி வழிவிட்டார்கள். இறந்தவளின் நீண்ட கை பலகைக்கு வெளியே தொங்கியது. விரல்நுனிகள் தேய்ந்து, ஒன்றுமே எழுதாத மாதிரி இருந்தன.

"அவ கையில ஒண்ணுமே இல்லாமப் போறாளேட்டி" என்று அத்தை சொன்னாள்.

இசக்கிப்ரியா குந்தி உட்கார்ந்து, முன்பு பொத்திக்கொண்ட மாதிரியே அந்தக் கையைப் பொத்தினாள். தன் மோதிர விரலை அவளுடைய மோதிர விரல்மேல் வைத்தாள். ஈரத் தரையில் தண்ணீர் பரவுகிற மாதிரி, ரேகை அவளிடமிருந்து இறங்கி, அந்த வெறும் விரலுக்குள் போய், வட்டம் வட்டமாக நின்றது. பெண்கள் குலவையிடவும் இல்லை, கும்பிடவும் இல்லை. ஒருத்தி மஞ்சளை எடுத்து அந்த விரலை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூசினாள். இசக்கிப்ரியா தன் விரலைப் பார்த்தாள். அங்கே அவளுடைய பழைய ரேகை, சின்னதாக, வெளிறி, வெகுநாள் வெளியே வராத குழந்தை மாதிரி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு அவளுக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்ததே என்றுதான் பேச்சித்தாயின் காலடியில் விழுந்து அழுதாள்.

ஊருக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே, தங்கள் ரேகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையை விடுவிக்கலாம் என்று சிலர் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், விரலோடு விரல் வைத்தார்கள். ஒருவருக்கும் போகவில்லை. உயிரோடு இருக்கிற கைக்கு அது திரும்பாது. "மன்னிச்சிக்கிடு தாயி" என்று ஒரு பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டு, மறுநாள் காலை, பென்சன் நாளாக இருந்ததால், அவரும் வரிசையில் வந்து நின்றார்.

இன்டர்ன்ஷிப் முடிந்தது. எட்வின் ஞானதுரை சர்டிபிகேட்டில் 'மிக நன்று' என்று எழுதினார். எழுதியபின் இன்னும் ஏதாவது எழுத வேண்டும் என்று பேனாவைத் தூக்கி, எதுவும் தோன்றாமல் மூடினார். கல்லூரியில் அவள் வாடிக்கையாளர் திருப்தி பற்றிய அறிக்கையைப் படங்களோடு கொடுத்தாள். பேராசிரியர் படங்களின் நிறத்தைப் பாராட்டினார். படிப்பு முடிந்தது. வங்கி வேலைக்கான பரீட்சைக்குப் போனாள். வாசலிலேயே வலது கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ஆதாரில் இருக்கிற ரேகையோடு பொருந்தவில்லை என்றார்கள். துடைத்து வைக்கச் சொன்னார்கள், மறுபடியும் வைத்தாள். பின்னால் வரிசை நீண்டது. "ஓரமா நில்லும்மா" என்றார்கள். அவள் ஓரமாக நின்றாள். உள்ளே மணி அடித்து, கதவு சாத்துகிறவரைக்கும் நின்றாள். அடுத்த வருஷமும் அப்படித்தான் நின்றாள்.

இப்போது அவள் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். மாதம் ஒருமுறை தாழையளத்துக்கு வந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்காகக் கையை வைத்துவிட்டுப் போகிறாள். அது போக, சில நாள் போன் வரும். வருமுன்பே கையில் எங்காவது ஓரிடம் குளிர்ந்திருக்கும். கடையில் காரணம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவாள். இழவு வீட்டில் அவள் வருகிறவரைக்கும் எடுக்க மாட்டார்கள். வந்து, உட்கார்ந்து, எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு எழுவாள். எழும்போது அவள் தோலில் இன்னும் கொஞ்சம் அவளுடையதாகியிருக்கும். முழங்கைப் பக்கம் இப்போது ஏறக்குறைய எல்லாம் அவள்தான்.

போன தையில், அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட பெரியவரை எடுத்த நாளில், லூர்தம்மாள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். லூர்தம்மாளுக்கு இப்போது மூச்சு இழுக்கிறது. மூட்டை தைக்கப் போவதில்லை. ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இசக்கிப்ரியாவின் வலது கையை இழுத்து, கட்டை விரலைத் தடவிப் பார்த்தாள்.

"பரீச்ச வருதாமே? உங்க அத்த சொன்னா."

"ஆமா பெரியம்மா. ஆடியில."

"அதுக்குள்ள நான் போயிட்டேன்னா உனக்குப் பெருவெரலு கெடச்சிரும்லா?"

இசக்கிப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அளத்தில் உப்பு அம்பாரம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. லூர்தம்மாள் இருமினாள், இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"சொல்லுட்டி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கட்டை விரல் வெதுவெதுப்பாக இருந்தது. இசக்கிப்ரியா அதை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பொத்திக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இருங்க பெரியம்மா" என்றாள். "அவசரமில்ல. இருங்க."